“அவசரமில்ல சேர், பாருங்க” – கடை பூட்டும் நேரத்தின் ஒரு சிறு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசித்தால் போதும்.

கடந்த நோன்பின் கடைசிக் கிழமை. தராவீஹ் முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் பிடவைக்கடைக்குப் போய்ச் சேரும்போது மணி 10.45. பூட்டும் நேரம் 10.30 என்று வாசலில் போட்டிருந்தது. ஷட்டர் அரைவாசி இறங்கியிருந்தது. நாங்கள் குனிந்து உள்ளே போனோம்.

உள்ளே நின்றது எங்களிடம் படித்த பொடியன். ஓ.எல். எழுதிவிட்டு வேலைக்கு வந்தவன். எங்களைக் கண்டதும் கையில் இருந்த தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு ஓடி வந்தான். மூத்த மகளுக்கு ஓர் அபாயா, சின்னவனுக்கு ஒரு ஷேர்ட். இவ்வளவுதான் தேவை. ஆனால் அபாயா வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், கறுப்பிலேயே பத்துக் கறுப்பு இருக்கிறது. அவன் ஒவ்வொன்றாக இறக்கினான், விரித்தான், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். இடையில் ஒரு தடவை, “பூட்டுற நேரம் போல மகன்?” என்று கேட்டோம். “அவசரமில்ல சேர், பாருங்க” என்றான். நாங்களும் பார்த்தோம். 11.50க்கு ஒரு ஷேர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அபாயா பிடிக்கவில்லை.

பெருநாள் தொழுகைக்குத் திடலில் அவனைக் காணவில்லை. நாலைந்து நாள் கழித்து பஸ் நிலையத்தடியில் சந்தித்தபோது கேட்டோம்.

“பெருநாளைக்கு எங்க நின்ற மகன், காணல்லியே?”

“படுத்துட்டன் சேர். உம்மா மூணு தரம் எழுப்பினாவாம். எனக்குத் தெரியாது.”

பெருநாள் இரவு ஷட்டரை முழுதாக இறக்கும்போது 2 மணி தாண்டிவிட்டதாம். கடைசி வாடிக்கையாளர் போன பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அது எங்களுக்கு அதுவரை தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விரித்துப் போட்டவற்றையெல்லாம் மடிக்க வேண்டும், அளவு பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும், பில் கட்டுகளை எண்ண வேண்டும், கூட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது ஸுபஹுக்குப் பாங்கு. தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவன் லுஹருக்குத்தான் எழும்பியிருக்கிறான். தனக்கென்று எடுத்து வைத்திருந்த புது ஷேர்ட்டை அன்று பின்னேரம்தான் போட்டானாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பதினோராம் தரத்தில் கைத்தொழிற் புரட்சியைப் பல வருடமாகப் படிப்பிக்கிறோம். நீராவி இயந்திரம், நூற்பு ஆலை, சுரங்கத்தில் வேலை செய்த சிறுவர்கள், தொழிற்சாலைச் சட்டங்கள் எல்லாம் பாடத்தில் வருகின்றன. அந்த ஆலைகளில் நெய்த துணியைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று விற்றவர்கள் பற்றி ஒரு வரி கூட இல்லை. நாங்களும் அதைத் தேடியதில்லை. அந்தப் பொடியனைச் சந்தித்த பிறகுதான் தேடி வாசித்தோம். வாசித்ததை இங்கே பகிர்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். இரவில் கடை திறந்திருப்பது ஆதிகாலத்திலிருந்து வந்த வழக்கமல்ல. விளக்கெண்ணெயிலும் மெழுகுதிரியிலும் எவ்வளவு நேரம் துணி விற்க முடியும்? நிறமே தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களுக்கு வாயு விளக்கு வந்தது. பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. கடைத்தெரு இரவில் போய்ப் பார்க்கும் இடமாக மாறியது. துணிக்கடைகள் காலை 7, 8 மணிக்குத் திறந்து இரவு 9, 10 வரை நின்றன. சனிக்கிழமைகளில் நள்ளிரவு தாண்டியது.

ஏன் சனிக்கிழமை? தொழிலாளிகளுக்குக் கிழமைக்கூலி கையில் கிடைப்பது சனிக்கிழமை மாலையில். காசு வந்த பிறகுதானே கடைக்குப் போகலாம்? ஆகவே இரவு 11 மணிக்கு இறைச்சியும் சப்பாத்தும் வாங்க வந்த பெண் வேண்டுமென்று யாரையும் வதைக்க வந்தவளல்ல. அவளும் அப்போதுதான் வேலை முடிந்து வந்தவள். கடைப் பொடியனின் நேரத்தைத் தின்றது வாடிக்கையாளர் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த வாடிக்கையாளரின் நேரத்தை ஆலை முதலாளி ஏற்கெனவே தின்று முடித்திருந்தார். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை 2 மணிக்கு வேலையை முடித்தது. அதன் பிறகுதான் அந்த ஊர்களில் பகலில் கடைக்குப் போவதே பலருக்குச் சாத்தியமாயிற்று.

எங்கள் நோன்பு மாதமும் கிட்டத்தட்ட இப்படித்தான். பகலில் நோன்பு, வெயில், வேலை. பின்னேரம் கஞ்சியும் இஃப்தாரும். பிறகு மஃரிப், இஷா, தராவீஹ். கடைத்தெருவுக்குப் போகக் கிடைப்பது அதற்குப் பிறகுதான். சம்பளமும் கையில் வந்திருக்க வேண்டும். குற்றவாளியைத் தேடுவதென்றால் வரிசை நீளும்.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். 1842இல் அங்கே துணிக்கடைக்காரர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். நேரத்தோடு கடையை மூடுவதுதான் அதன் ஒரே நோக்கம். பின்னாளில் அது ‘முன்கூட்டி மூடும் சங்கம்’ என்றே அறியப்பட்டது. அதன் வழி கெஞ்சும் வழி. முதலாளிமாரிடம் போய்ப் பேசினார்கள். கூட்டங்கள் வைத்தார்கள். பாதிரிமார் தேவாலயங்களில் இதைப் பற்றிப் பேசினார்கள். முக்கியமாக, வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம் “மாலையில் கடைக்கு வராதீர்கள், அந்தப் பிள்ளைகளும் மனிதர்கள்தானே” என்று வேண்டினார்கள்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய, பெயரெடுத்த கடைகள் பல நேரத்தோடு மூடத் தொடங்கின. ஆனால் சாதாரண தெருக்களில் அது நிற்கவில்லை. ஒரு தெருவில் இருபது கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது பேர் 8 மணிக்குப் பூட்டச் சம்மதிக்கிறார்கள். இருபதாவது ஆள் மாட்டேன் என்கிறார். முதல் கிழமை அவர் கடையில் கூட்டம். இரண்டாம் கிழமை பக்கத்துக் கடைக்காரர் ஒரு கதவை மட்டும் திறந்து வைக்கிறார். மூன்றாம் கிழமை எல்லாக் கடையும் பழையபடி. பத்தொன்பது பேரின் நல்ல மனதும் ஒருவரின் விளக்கு வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

அந்தப் பொடியனின் முதலாளியிடம் நாங்கள் பேசியபோது அவர் சொன்னதும் இதுதான். “நான் பூட்டினா அடுத்த கடைக்குப் போவாங்க சேர். எனக்கும் வீடு இருக்கு, எனக்கும் நித்திர இருக்கு.” அவர் சொன்னது பொய் இல்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. 180 வருடத்துக்கு முந்திய லண்டன்காரர் ஒருவர் எங்கள் மெயின் வீதியில் நின்று பேசியது போல இருந்தது.

அந்தக் காலத்துக் கடை ஊழியர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான துணிக்கடைகளில் ஊழியர் கடைக்கு மேலேயே தங்கினார்கள். சாப்பாடும் படுக்கையும் முதலாளி கொடுப்பார். அதைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கெடுப்பார். இரவு குறித்த நேரத்துக்குப் பிறகு வாசல் பூட்டப்படும், விளக்கு அணைக்கப்படும். எதற்கெடுத்தாலும் அபராதம். வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் போனால், ஏன் போனார் என்று ஊழியர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அது திரும்பத் திரும்ப நடந்தால் வேலை போகும். வேலை போனால் படுக்கையும் போகும். “நேரமாகிவிட்டது” என்று வாய்திறந்து சொல்ல அவர்களால் முடியாமல் இருந்ததற்குக் காரணம் இது.

“அவசரமில்ல சேர்” என்று எங்கள் பொடியன் சொன்னதை நாங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டோம். மரியாதையும் இருந்திருக்கும், படிப்பித்தவர்கள் அல்லவா. ஆனால் கவுண்டரில் முதலாளி இருந்தார் என்பதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறோம்.

எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பலர் அறிந்திருப்பீர்கள். கால இயந்திரம் பற்றியும் செவ்வாய்க் கிரகத்தார் பற்றியும் கதை எழுதியவர். அவர் 1881இல், 15 வயதை எட்டும் முன்பே, சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் பயிற்சி ஊழியராகச் சேர்க்கப்பட்டார். நாளுக்கு ஏறத்தாழ 13 மணிநேர வேலை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், தாய் வேலை செய்த பெரிய மாளிகைக்கு 17 மைல் நடந்தே போய், இனி அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று தாயிடம் சொன்னார். 1883இல் கடையை விட்டு ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியரானார். (எங்கள் தொழிலுக்கு வந்தவர் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.) அந்தக் கடை வாழ்க்கையை 1905இல் வெளிவந்த ‘கிப்ஸ்’ நாவலில் எழுதினார்.

17 மைல் நடக்க எல்லோருக்கும் ஓர் இடம் இருப்பதில்லை. மார்கரெட் பொண்ட்ஃபீல்ட் என்ற பெண் 14 வயதில் கடை வேலைக்கு வந்தவர். அவர் ஓடவில்லை, எழுதினார். 1896இலிருந்து இரண்டு வருடம், ஒரு பெண்கள் அமைப்புக்காக, வேறு வேறு கடைகளில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து, உள்ளே நடப்பதைக் குறித்து அறிக்கை கொடுத்தார். அதே பெண் 1929இல் பிரித்தானியாவின் தொழில் அமைச்சரானார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் ஒரு முன்னாள் கடைப் பிள்ளை.

பாராளுமன்றத்துக்குள் இதைத் தூக்கிச் சுமந்தவர் ஜோன் லபக். வங்கி முதலாளி, விஞ்ஞானி, சார்ல்ஸ் டார்வினின் அயல் வீட்டுக்காரர். எறும்புகளையும் தேனீக்களையும் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். எங்கள் கலண்டரில் வங்கி விடுமுறை என்று இன்றும் அச்சிடுகிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. 1873இலேயே கடை நேரம் பற்றிய மசோதாவைக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 1884இல் தோமஸ் சதர்ஸ்ட் என்ற வழக்கறிஞர், கவுண்டருக்குப் பின்னால் நடக்கும் மரணமும் நோயும் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் பிறகு 1886இல் ஒரு சட்டம் வந்தது. அது என்ன சொன்னது தெரியுமா? 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கடையில் கிழமைக்கு 74 மணிநேரத்துக்கு மேல், சாப்பாட்டு நேரமும் சேர்த்து, வேலை வாங்கக் கூடாது.

74. இதைத் தடை என்று சொன்னார்கள். அதையும் போய்ப் பார்க்க அந்தச் சட்டத்தில் பரிசோதகர் இல்லை.

1899இல் வந்த இன்னொரு சட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு ஆசனமாவது வைக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். உட்காருவதற்கு ஒரு நாட்டின் பாராளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டாம். கேரளாவில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் வருடக்கணக்காகப் போராடி, அங்கே அந்த உரிமை சட்டத்தில் ஏறியது 2018இல்தான். தமிழ்நாட்டில் 2021இல். எங்கள் ஊர்க் கடைகளில் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

1904இல் லபக் தன் கணக்கை மாற்றிப் போட்டார். ஒரு பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக் கடைக்காரர் கேட்டால், நகரசபை அங்கே எல்லாக் கடைக்கும் மூடும் நேரம் குறிக்கலாம். பத்தொன்பது பேரைக் கெடுத்த அந்த இருபதாவது ஆளுக்குப் போட்ட பூட்டு அது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்த்து எடுப்பது லேசான வேலையா? மிகக் குறைந்த இடங்களிலேயே அது பயன்பட்டது. 1911இல், பிறகு 1912இல், கிழமையில் ஒரு அரைநாள் விடுமுறை கட்டாயமாயிற்று. கிழமைக்கு 60 மணி என்ற வரம்பையும் அப்போது கொண்டுவரப் பார்த்தார்கள், எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. லபக் 1913இல் காலமானார்.

இரவு மூடும் நேரம் நாடு முழுவதற்கும் எப்படி வந்தது? நல்ல மனதால் வரவில்லை. முதலாம் உலகப் போரில் எரிபொருளையும் வெளிச்சத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. மாலையில் கடைகளை மூட அரசாங்கம் உத்தரவிட்டது. 70 வருடம் கெஞ்சிக் கிடைக்காதது நிலக்கரித் தட்டுப்பாட்டில் கிடைத்தது. மூடியபோது யாரும் பட்டினியால் சாகவில்லை, யாரும் உடுப்பில்லாமல் நிற்கவில்லை. வாங்க வேண்டியதை மக்கள் நேரத்தோடு வந்து வாங்கினார்கள். போர் முடிந்த பின்னும் 1920இல் அதைச் சட்டத்தால் நீடித்தார்கள். 1928இல் நிரந்தரமாக்கினார்கள். சாதாரண நாளில் இரவு 8 மணி, கிழமையில் ஒரு நாள் மட்டும் 9 மணி. (1994இல் அந்த மூடும் நேரச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றதெல்லாம் நிலைக்கும் என்று நினைக்கக் கூடாது.)

இதை வாசித்தபோது எங்களுக்கு 2022 நினைவு வந்தது. நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த அந்த மாதங்களில் எங்கள் கடைத்தெரு எத்தனை மணிக்கு இருண்டது? அதற்கு முன், யுத்த காலத்தில் பொழுது சாய முதலே ஷட்டர் இறங்கியது எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். 2020 நோன்புப் பெருநாள் ஊரடங்கில் வந்தது. பழைய உடுப்போடு வீட்டுக்குள் தொழுதோம். அந்தக் காலங்கள் திரும்பி வர வேண்டாம், அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். ஆனால் இரவு 12 மணிக்குக் கடை திறந்திராவிட்டால் பெருநாளே வராது என்பது உண்மையில்லை. அதை நாங்கள் எங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

இப்போது கதவுக்கு உள்ளே நிற்பவர் விஷயம். 8 மணிக்குக் கதவை மூடச் சட்டம் சொல்லலாம். 7.55க்கு உள்ளே வந்தவரை என்ன செய்வது? பிரித்தானியச் சட்டம் எழுதியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. மூடும் நேரத்துக்கு முன்பே கடைக்குள் வந்துவிட்டவருக்கு விற்பது குற்றமல்ல என்று எழுதினார்கள். நோயாளிக்குத் தேவையான பொருளுக்கும் அதே சலுகை. 1947இல் வந்த சென்னை மாகாணக் கடைகள் சட்டம் அதை நிமிடக் கணக்கில் அளந்தது. மூடும் நேரத்தில் உள்ளே நிற்பவருக்கு, அதற்குப் பிறகு கால் மணிநேரம் வரை சாமான் கொடுக்கலாம். கடைசி வாடிக்கையாளரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அவருக்கு 15 நிமிடம் என்று எழுதி வைத்தவர்கள் யாரோ, அவர்கள் நிச்சயமாக ஒரு நாளாவது கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களாக இருக்க வேண்டும்!

நாங்கள் எடுத்தது 65 நிமிடம். அதுவும் பூட்டும் நேரத்துக்குப் பிறகு உள்ளே வந்து.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1938இல் கடைகளை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வோம். இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். நாளுக்கு 8 மணிநேரம், கிழமைக்கு 45 மணிநேரம். கிழமையில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு, அதுவும் கிழமைக்கு 12 மணிநேரத்துக்கு மேல் போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போது விபரங்கள் எழுதிய கடிதமும் கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது அந்தப் பொடியன் எங்களைப் பார்த்த பார்வை! “கடிதமா சேர்?” என்றான். நோன்பின் கடைசிப் பத்தில் அவன் வேலை செய்த நேரத்தை இருவரும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தோம். காலை 9 மணியிலிருந்து சாமம் வரை, லீவு இல்லாத ஏழு நாள். தொழுகைக்கும் இஃப்தாருக்கும் போன நேரத்தைக் கழித்தும் 80 மணி தாண்டியது. லபக் 1886இல் பிள்ளைகளுக்கு என்று போட்ட 74ஐ விட அதிகம். பெருநாளைக்கு முதலாளி ஒரு கவரும் ஒரு சாரனும் கொடுத்திருக்கிறார். அவன் அதில் சந்தோசமாகத்தான் இருக்கிறான். மேலதிக நேரத்தை ஒன்றரை மடங்கால் பெருக்கிக் காட்டலாமா என்று யோசித்தோம். காட்டவில்லை. வேலை அவனுக்குத் தேவை.

சிலர் கேட்பீர்கள், எங்கள் ஊரில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் பூட்டுவது நடக்கிற காரியமா என்று. நடக்கிறது. ஒவ்வொரு கிழமையும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் 12 மணி தாண்டியதும் கடைத்தெருவைப் பாருங்கள். ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். அந்த நேரத்தில் ஜும்ஆவுக்குப் போக வேண்டிய எவரும் கடைக்குள் நின்று “இன்னொரு கலர் காட்டுங்க” என்று கேட்பதில்லை. கேட்டாலும் “ஜும்ஆவுக்கு நேரமாகுது காக்கா” என்று கடைப் பொடியன் துணிந்து சொல்வான், முதலாளி முன்னாலேயே சொல்வான். யாருக்கும் கோபம் வராது. மார்க்கக் கடமை என்பது முதற் காரணம், அதில் பேச்சில்லை. ஆனால் கடைக்காரர் பயமில்லாமல் பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அடுத்த கடையும் பூட்டியிருக்கும். வாடிக்கையாளர் போவதற்கு வேறு இடமில்லை. ஒருவரும் நட்டப்படுவதில்லை. 1904இல் லபக் சட்டம் போட்டுச் சேர்க்க முடியாமல் தவித்த அந்த மூன்றில் இரண்டு பங்கு, எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை தோறும் தானாகச் சேருகிறது.

பெருநாள் இரவுக்கு மட்டும் அப்படி ஒரு நேரம் குறிக்க முடியாதா? வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் உட்கார்ந்து பேசினால் இரவு 11 மணி என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போதாதா? முதலாளிமார் சிலர் ஏற்கெனவே விருப்பத்தோடு இருக்கிறார்கள். எங்களிடம் பேசியவர் உட்பட. “எல்லாரும் பூட்டினா நான்தான் முதல் ஆள் சேர்” என்றார். இதில் ‘எல்லாரும்’ என்ற சொல்தான் முழு வரலாறும்.

ஒரு வித்தியாசம் இருப்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஜும்ஆவுக்கு எல்லோரும் போகிறோம். வாடிக்கையாளரும் முதலாளியும் பொடியனும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். பெருநாள் இரவில் கடை பூட்டினால் நித்திரை கிடைப்பது பொடியனுக்கு. எங்களுக்குக் கிடைப்பது அவசரம். ஆகவே இது கடினம்தான்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பழைய வழக்கங்கள் எழுத்தில் இல்லை. 1960, 70களில் பெருநாள் இரவு பிடவைக்கடைகள் எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டன? பெட்ரோல்மக்ஸ் வெளிச்சத்தில் எது வரை வியாபாரம் நடந்தது? ஜும்ஆவுக்கு எல்லாக் கடையும் ஒன்றாகப் பூட்டுவது யார் பேசி எடுத்த முடிவு, எப்போது? அந்தக் காலத்தில் கடையில் நின்றவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வாப்பாவோ மூத்தப்பாவோ அப்படி இருந்தால் கேட்டு எழுதுங்கள், அல்லது குரல் பதிவாக அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறோம்.

மகளின் அபாயா இன்னும் வாங்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் வாங்க வேண்டும். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போவதாக இருக்கிறோம். இந்த முறை என்ன கறுப்பு வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.